கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

வாசகர் கேள்விகளுக்கு காரைக்குடி மயக்க மருந்து டாக்டர் பதில்

போன இதழில் முதுகில் போடும் மயக்க ஊசியைப் பற்றி எழுதியதிலிருந்து தபால் நிற்கவில்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே வகை: காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்து, இனி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே சர்க்கரை, தைராய்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். "அந்தச் சின்ன மாத்திரை", "ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அட்டையைப் பார்த்துப் பெயரையும் மி.கி. அளவையும் எழுதி மறுபடி போடுங்கள்.

*

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 69. இரண்டு வருடம் முன்பு நுரையீரலில் ரத்தக்கட்டி. அன்றிலிருந்து ரிவராக்ஸபான் 20 மி.கி., இரவுச் சாப்பாட்டோடு. இப்போது புரோஸ்டேட் ஆபரேஷன். மேஜையில் உட்கார வைத்து, முதுகைத் துடைத்த பிறகு, "நேத்து ராத்திரி என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். உடனே ரத்து செய்து வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கமான மாத்திரையைப் போடலாம் என்று சொன்னதே அங்கிருந்த நர்ஸ்தான். ஒரு மாத்திரைக்கா இவ்வளவு? முதுகில் கூடாதென்றால் முழு மயக்கம் கொடுத்திருக்கலாமே?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கேள்வியை ஒரு வாரம் முன்பே கேட்டிருக்க வேண்டும். "வழக்கமான மாத்திரை" என்று நர்ஸம்மா சொன்னது பி.பி. மாத்திரையை மனதில் வைத்து. உங்கள் காதில் எல்லா மாத்திரையும் என்று விழுந்தது. இதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் முதுகைத் துடைத்த பிறகாவது கேட்டு நிறுத்தினாரே, அந்த மயக்க டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், வாத்தியாருக்குச் சொல்வதற்கென்ன. முதுகு ஊசி தோல், தசை, தசைநார் எல்லாம் தாண்டி, தண்டுவடத்தை மூடியிருக்கும் உறையைத் துளைத்து உள்ளே போகிறது. அந்த உறைக்கு வெளியே, எலும்புக்கு உள்ளே, மெல்லிய சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு கை தேர்ந்தவர் போட்டாலும் அதில் ஒன்று எப்போதாவது கீறும். சாதாரண ஆளுக்கு இரண்டு சொட்டு கசிந்து உறைந்து நின்றுவிடும், ஒருவருக்கும் தெரியாது. உங்கள் உடம்பில் ரிவராக்ஸபான் முழு வேகத்தில் இருக்கும்போது அது நிற்காது. கையில் என்றால் வீங்கும், கன்னிப்போகும், தெரியும். முதுகெலும்புக்குள் வீங்க இடமேது? சுற்றிலும் எலும்பு. சேருகிற ரத்தம் நரம்பைத்தான் அழுத்தும். கால் இரண்டும் விழுந்துபோகலாம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போகலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், முதுகு ஊசி போட்டால் எப்படியும் இரண்டு மூன்று மணி நேரம் கால் மரத்துத்தான் கிடக்கும். உள்ளே ரத்தம் கட்டி மரத்திருக்கிறதா, மருந்தில் மரத்திருக்கிறதா என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு வார்டில் யாராவது வந்து வந்து "கட்டைவிரலை அசையுங்க" என்று தொல்லை செய்வது. மரப்பு விட வேண்டிய நேரத்தில் விடவில்லை, அல்லது விட்ட கால் மறுபடி மரக்கிறது, முதுகில் புதிதாக ஒரு வலி என்றால், அந்த ராத்திரியே எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டியை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். கால் பலவீனம் தொடங்கி 8 மணி நேரத்துக்குள் எடுத்தால் தேற நல்ல வாய்ப்பு. அதற்கு மேல் போகப் போக வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். நம் ஊரில் நடுராத்திரி அதற்கு மதுரைக்கு ஓட வேண்டும், அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இது அபூர்வம்தான். ரத்த மருந்து ஒன்றும் சாப்பிடாதவர்களுக்கு முதுகு ஊசியில் இப்படி ஆவது 2 லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு என்பது பழைய கணக்கு. மருந்து சாப்பிடுகிறவர்களிடம் அந்தக் கணக்கு நிற்காது என்பதை அமெரிக்கா அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. எனாக்ஸாபரின் என்ற ஊசி மருந்து அங்கே 1993-ல் வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே நாளைக்கு ஒரு வேளை போட்டுக்கொண்டிருந்தார்கள், பெரிய வம்பு இல்லை. அமெரிக்கர்கள் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டார்கள். 1997 கடைசிக்குள் 30 பேரளவில் முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டிய செய்தி வந்தது. பெரும்பாலோர் இடுப்பு, முழங்கால் ஆபரேஷனுக்கு வந்த வயதான பெண்கள். அந்த டிசம்பரில் அரசே எச்சரிக்கை விட்டது. எந்த மருந்துக்கு எத்தனை மணி நேரம் இடைவெளி என்று நாங்கள் இன்று கையில் வைத்திருக்கும் அட்டவணை வளர்ந்தது அதற்குப் பிறகுதான். உங்கள் 20 மி.கி. ரிவராக்ஸபானுக்கு அந்த இடைவெளி 72 மணி. உங்களுக்கு ஆகியிருந்ததோ 12 மணி.

அடுத்த கேள்வி, முழு மயக்கம் கொடுத்திருக்கலாமே என்பது. எல்லோரும் இடறுகிற இடம் இது. ரத்தம் இரண்டு இடத்தில் வரலாம்: ஊசி போகிற இடத்தில், கத்தி போகிற இடத்தில். முழு மயக்கம் கொடுத்தால் ஊசிக் கவலை தீரும். கத்திக் கவலை அப்படியே இருக்கும். சிறுநீர் வழியே கருவியை உள்ளே விட்டுப் புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுத்த இடம் தையல் போட முடியாத பச்சைப் புண். அங்கே மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தால் சிறுநீர்ப்பை முழுக்க ரத்தக்கட்டி அடைக்கும். ஆகவே எந்த மயக்கமானாலும் அன்றைக்கு உங்களுக்கு ஆபரேஷன் இல்லை.

அடுத்த தேதி வாங்குமுன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். புரோஸ்டேட் அடைப்பு நாள்பட்டால் சிறுநீரகம் சோர்ந்துபோகும். சிறுநீரகம் சோர்ந்தால் இந்த மாத்திரை உடம்பை விட்டுப் போக 72 மணி போதாமல் போகலாம். உங்கள் கட்டி வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால், மூன்று நாள் நிறுத்துவதில் பெரிய ஆபத்தில்லை. நடுவில் வேறு ஊசி போட்டு ஈடுகட்டவும் பொதுவாக வேண்டியதில்லை. முதுகு ஊசியையே கேளுங்கள். இந்த ஆபரேஷனில் அதற்கு ஒரு தனி லாபம் உண்டு. கழுவ விடுகிற நீர் அதிகமாக ரத்தத்தில் கலந்தால் குமட்டல், குழப்பம் வரும். விழித்திருக்கிறவர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

*

கேள்வி: அப்பச்சிக்கு வயது 66. ஐப்பசியில் மலேசியாவிலிருந்து திரும்பியதும் இடது கால் தொடை வரை வீங்கி, ஸ்கேனில் ரத்தக்கட்டி என்றார்கள். அபிக்ஸபான் 5 மி.கி. காலை மாலை சாப்பிடுகிறார்கள். ஒரு மாதம் முடிந்துவிட்டது. தினமும் ஆள் வந்து நல்லெண்ணெய் போட்டு நீவி விடுவதில் வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. நீண்ட நாளாக குடலிறக்கம் இருக்கிறது. வருடா வருடம் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள். தைப்பூசத்துக்குள் தேறிவிட மார்கழியிலேயே ஆபரேஷனை முடித்துவிடலாம் என்கிறார்கள். முழு மயக்கம் பயமாக இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு லேசாகச் செய்துவிடலாமா?
(ஒரு வாசகர், புதுவயல்)

பதில்: தம்பி, முதலில் அந்த நீவுகிற ஆளை நாளையிலிருந்து வரவேண்டாமென்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு. ரத்தக்கட்டி இருக்கிற காலை அழுத்தி மேல்நோக்கி நீவினால் கட்டி கழன்று நேராக நுரையீரலுக்குப் போகலாம். வீக்கம் குறைந்தது மாத்திரையால், எண்ணெயால் இல்லை. நடக்கலாம், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கலாம். நீவக்கூடாது. (உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். என் கண்ணில் பட்டதே அதுதான்.)

மார்கழியில் வேண்டாம். ரத்தக்கட்டி வந்து முதல் மாதம் மாத்திரையை நிறுத்துவது மிக ஆபத்து. மூன்று மாதம் வரைக்கும் ஆபத்து கணிசமாக இருக்கும். தள்ளிப்போடக்கூடிய எந்த ஆபரேஷனையும் மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்வது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. குடலிறக்கம் படுத்தால் உள்ளே போகிறது, வலியில்லை என்றால் தாராளமாகக் காத்திருக்கும். ஆனால் ஒன்று: வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலி, வாந்தி என்றால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த மணியே ஆஸ்பத்திரி. அப்போது கையில் மாத்திரை அட்டை இருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து எந்த மயக்கம் என்பதற்கு வருவோம். "முழு மயக்கம் பயம், முதுகில் ஊசி லேசு" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். மற்றவர்களுக்கு அது பாதி சரி. உங்கள் அப்பச்சி மாதிரி ஆட்களுக்கு நான் அந்த ஊசியின் விலையைக் கேட்பேன். விலை, மருந்தில்லாத நாட்கள். முதுகில் ஊசி என்றால் அபிக்ஸபான் 72 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். அதுவே குடலிறக்கம் மாதிரி ரத்தம் அதிகம் போகாத ஆபரேஷனை வேறு மயக்கத்தில் செய்தால், முந்தின ஒரு நாள் மட்டும் மாத்திரையை விட்டால் போதும். இந்த மாதிரி எளிய கணக்கில் நிறுத்தித் தொடங்குவதை 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 3007 பேரிடம் பார்த்தார்கள். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்கள் அவர்கள். பெரிய ரத்தப்போக்கும் பக்கவாதமும் குறைவாகவே இருந்தன. ரத்தக்கட்டிக்காரருக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது என்றாலும், நாங்கள் பின்பற்றும் வழி அதுதான்.

எனக்குப் பிடித்த மூன்றாவது வழி ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை: அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்வது. தொடை இடுக்கில் திறந்து வலை வைத்துத் தைக்கிற ஆபரேஷனை அப்படியே முடித்துவிடலாம். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார், அன்றைக்கே எழுந்து நடப்பார். ரத்தக்கட்டிக்காரருக்கு அன்றைக்கே நடப்பதை விடப் பெரிய மருந்து இல்லை. வேண்டியது பொறுமையான சர்ஜன், பதறாத நோயாளி. துளை போட்டுச் செய்கிற லேப்பராஸ்கோப்பிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதற்கு முழு மயக்கம்தான் வழக்கம். உங்கள் சர்ஜனிடம் "இடத்துக்கு மட்டும் ஊசி போட்டுச் செய்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். செய்து பழக்கமில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பழக்கமில்லாத கையில் நல்ல முறையும் கெட்டுப்போகும்.

பழனிக்கு இந்த வருடம் காவடிக்குப் பின்னால் காரில் போகட்டும். வழியில் இறங்கி இறங்கி நடக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: எனக்கு அசிட்ரோம் மாத்திரை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) குறைய வேண்டும் என்கிறார்கள். முருங்கைக் கீரை சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும் என்று சொல்லித்தானே இத்தனை நாள் அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள்? மாத்திரையை நிறுத்தாமல் ஒரு வாரம் கீரையைச் சாப்பிட்டே இறக்கிக்கொள்ளக் கூடாதா? இன்னொன்று, இது எலி மருந்து என்று பேரன் போனில் காட்டினானே, நிஜமா?
(ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, நீங்கள் எம்.பி.பி.எஸ். படித்திருக்கலாம். தத்துவம் சரி, நடைமுறை சரிப்படாது. கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிர் வேலை செய்கிறது, உண்மை. ஆனால் எத்தனை கைப்பிடிக்கு எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து மறுபடி மாத்திரை தொடங்கும்போது, அந்தக் கீரைக் கணக்கு குறுக்கே நின்று ஐ.என்.ஆர். ஏற மறுக்கும். கீரையை விடவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு எப்போதும் எவ்வளவோ அவ்வளவு.

அசிட்ரோம் மூன்று நாள், வார்ஃபரின் என்றால் ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். கட்டி வந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் நடுவில் ஹெப்பாரின் வகை ஊசி போட்டு ஈடுகட்ட யோசிப்போம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரத்தம் எடுத்துப் பார்ப்பது கட்டாயம். ஐ.என்.ஆர். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் சர்ஜன் தலையாட்டிவிடுவார். முதுகில் ஊசி போடுகிற நான் தலையாட்டமாட்டேன், எனக்கு மாத்திரை சாப்பிடாத ஆளுடைய அளவுக்கே வர வேண்டும். மாத்திரையை நிறுத்தியதும் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் ஒன்று சீக்கிரம் தேறி ஐ.என்.ஆரை அழகாகக் காட்டும், மற்றவை பின்னால் மெதுவாக வரும். 1.4, 1.5 என்று எல்லையில் நிற்கிற சீட்டை நான் நம்பாததற்கு அதுதான் காரணம்.

எலி மருந்து நிஜம்தான், ஆனால் கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் தூக்கிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் தம்பி முறையில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலிகளுக்கு, 1954-ல் மனிதர்களுக்கு. அசிட்ரோமும் அந்த வம்சம்தான். அளவுதான் வித்தியாசம். பேரனிடம் இதையும் சொல்லுங்கள், போனில் வராது.

*

கேள்வி: ஆயாவுக்கு வயது 82. மழையில் வளவு ஈரமாக இருந்தபோது ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அன்று காலைதான் அபிக்ஸபான் போட்டிருந்தார்கள். முதலில் போன ஆஸ்பத்திரியில் "முதுகில் ஊசி போட மூன்று நாள் ஆக வேண்டும், அதுவரை படுக்கட்டும்" என்றார்கள். வேறு இடத்துக்கு மாற்றினோம். அவர்கள் மறுநாள் மாலையே முழு மயக்கத்தில் செய்துவிட்டார்கள். ஆயா தேறி வருகிறார்கள். சித்தப்பாவோ "இந்த வயதில் முழு மயக்கம் கொடுத்தால் புத்தி தடுமாறும், அவசரப்பட்டுவிட்டீர்கள்" என்று என்னைத் திட்டுகிறார். யார் சரி?
(ஒரு வாசகி, பள்ளத்தூர்)

பதில்: நீங்கள்தான் சரி, அம்மா. சித்தப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இடுப்பு முறிந்த முதியவரை அசையாமல் படுக்கப் போடுவதே ஒரு நோய். ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் புதிய கட்டி வரும். அதிலும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அதனால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிடப் பார்ப்போம். முதுகு ஊசிக்காக 72 மணி காத்திருப்பது, ஊசியின் வசதிக்கு ஆயாவைக் காக்க வைப்பது.

அப்படிக் காத்திருக்கும் அளவுக்கு முதுகு ஊசியில் லாபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. 2021-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1600 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 60 நாளில் இறந்தவர்கள் அல்லது துணையில்லாமல் நடக்க முடியாமல் போனவர்கள்: முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18.0. வித்தியாசமே இல்லை. புத்தி தடுமாற்றத்துக்காகவே சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் ஓர் ஆய்வு. மயக்கம் கொடுக்காமல் மரக்க வைத்தவர்களில் தடுமாறியவர்கள் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1. நானே பல வருடம் "வயசானவங்களுக்கு முதுகு ஊசிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்த கட்சி. இந்தக் கணக்குகள் வந்த பிறகு அதை ஒரு விதியாகச் சொல்வதை விட்டேன். நெஞ்சில் கடுமையான சளி நோய் இருக்கிறவர்கள் மாதிரிச் சிலருக்கு இன்னும் முதுகு ஊசியையே தேடுவேன். அப்போது காத்திருப்பதா வேண்டாமா என்று சர்ஜனோடு உட்கார்ந்து பேசுவோம்.

முதியவர்கள் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் வலி, தூக்கமின்மை, தண்ணீர் வற்றிப்போவது, கண்ணாடியும் காது மெஷினும் இல்லாமல் புது இடத்தில் கிடப்பது. இவற்றை வீட்டார் சரிசெய்யலாம். வலிக்கு, அடிபட்ட அன்றே தொடையின் மேல்பக்கத்தில் ஸ்கேன் பார்த்து ஒரு மரப்பு ஊசி போடலாம். அது மேலோட்டமான இடம், கசிந்தாலும் அழுத்திப் பிடிக்க முடியும். அதனால் அபிக்ஸபான் உடம்பில் இருக்கும்போதும் பெரும்பாலும் போட முடிகிறது. முதுகுத் தசைக்குள் ஆழமாகப் போடுகிற நரம்பு ஊசிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவை முதுகு ஊசிக் கணக்கில்தான் சேரும்.

*

கேள்வி: வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கண்புரை ஆபரேஷனுக்கு ஐந்து நாள் நிறுத்த வேண்டுமா? பல் ஒன்றும் பிடுங்க வேண்டியிருக்கிறது.
(ஒரு வாசகர், கோட்டையூர்)

பதில்: இரண்டுக்கும் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. கண்புரையைப் பெரும்பாலும் சொட்டு மருந்தில் மரக்க வைத்தே செய்துவிடுகிறார்கள், அப்போது ஊசியே இல்லை. பல் ஒன்று இரண்டு என்றால் பஞ்சை அழுத்திக் கடித்து, தேவைப்பட்டால் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்து வைத்து ரத்தத்தை நிறுத்திவிடலாம். இரண்டுக்கும் முன்பு ஐ.என்.ஆர். உங்களுக்குக் குறித்த அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள், பாராசிட்டமால் போதும். வார்ஃபரினோடு டைக்ளோஃபினாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

*

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆறாம் மாதத்தில் காலில் ரத்தக்கட்டி வந்து, எனாக்ஸாபரின் 60 மி.கி. ஊசி வயிற்றில் காலை 8, இரவு 8 போட்டுக்கொள்கிறாள். குழந்தை குறுக்கே கிடப்பதால் சிசேரியன் என்று சொல்லிவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் நட்சத்திரம் பார்த்து காலை 6-லிருந்து 7.30-க்குள் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்த மயக்கம் கொடுப்பார்கள்? நடுவில் வலி கண்டுவிட்டால்?
(ஒரு தாய், காரைக்குடி)

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாக இருங்கள். எனாக்ஸாபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையைத் தவிர்த்து இதைக் கொடுப்பது அதனால்தான்.

நட்சத்திரத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றுமில்லை. குறித்த நேரம் ஒன்று கையில் இருப்பது மட்டும் எனக்கு வசதி, ஊசியை எண்ணி நிறுத்தலாம். மகள் போடுவது காலை மாலை இரண்டு வேளை முழு அளவு. இதற்கு முதுகு ஊசிக்கு முன் 24 மணி நேர இடைவெளி வேண்டும். (40 மி.கி. நாளைக்கு ஒன்று என்ற தடுப்பு அளவாக இருந்தால் 12 மணி போதும். பலர் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.) காலை 6 மணிக்கு ஆபரேஷன் என்றால் முந்தின நாள் காலை 8 மணி ஊசி போட்டுவிட்டால் 22 மணிதான் ஆகிறது, ஆகாது. அதற்கும் முந்தின இரவு 8 மணி ஊசியே கடைசி. அல்லது காலை 8 மணிக்குப் பிறகு ஒரு நல்ல நேரம் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஊசி மிச்சம். சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

சிசேரியனுக்கு முதுகு ஊசிதான் என் முதல் தேர்வு. நிறைமாதப் பெண்ணுக்கு முழு மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் வைப்பது கஷ்டம், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறிவிடுகிற பயமும் உண்டு. ஆனால் இடைவெளி முடியாமல் வலி கண்டு, அவசரமாக எடுக்க வேண்டி வந்தால் முழு மயக்கம்தான் கொடுப்போம், தயங்கமாட்டோம். அதற்குப் பயந்து ஊசி போட்ட நேரத்தை மறைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஆகவே, வலி மாதிரி ஏதாவது தெரிந்தால், பனிக்குடம் உடைந்தால், அடுத்த ஊசியைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ரத்த வங்கி வசதி உள்ள இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி டப்பாவிலேயே ஒரு தாளைச் சுற்றி, ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மணி, அளவு எழுதுங்கள். மகள் எழுத மறந்தால் மாப்பிள்ளை எழுதட்டும். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி ஊசி தொடங்குவார்கள், ஆறு வாரமாவது தொடரும், ஏனென்றால் கட்டி வர அதிக வாய்ப்பே அந்த ஆறு வாரத்தில்தான். பிள்ளை பெற்றவள் எழுந்து நடக்கக்கூடாது என்று நாற்பது நாள் படுக்கவைப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். மறுநாளிலிருந்தே நடக்கவிடுங்கள். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு எல்லாம் அளவாகச் சாப்பிடட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

*

கேள்வி: அண்ணனுக்குப் பித்தப்பை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிவராக்ஸபானை எப்போது மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை. ஐந்து நாள் ஆகிறது.
(ஒரு வாசகர், நெற்குப்பை)

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை என்பதால் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: ரத்தப்போக்கு குறைவான ஆபரேஷன் என்றால் 24 மணி நேரத்தில், பெரிய ஆபரேஷன் என்றால் 48 முதல் 72 மணிக்குள் பொதுவாகத் தொடங்கிவிடுவார்கள். நாளும் மணியும் சொல்ல வேண்டியவர் ஆபரேஷன் செய்த சர்ஜன். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே "ரத்த மாத்திரை எந்த நாளிலிருந்து, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, அவர் கையாலேயே அதில் எழுதி வாங்குங்கள். எழுதாத சீட்டோடு ஆட்டோ ஏறாதீர்கள்.